பெரட்டுக்கு வந்த வெள்ளைப் புள்ளி

என் வீட்டுக் கணினித் திரையில் ஒரு சாயங்காலம் குதித்த வெள்ளைப் புள்ளியை, தோட்டக் கம்பெனி அனுப்பிவைத்த ஒற்றன் என்று நான் நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். ஆனால் நான் சந்தேகப்படவில்லை, நம்பினேன். அது மின்சாரக் கம்பி வழியாக வந்திருக்கிறது, நான் தட்டிவைத்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறது, படித்ததை அதே கம்பி வழியாகக் கொண்டுபோய்க் கம்பெனியில் கொடுக்கிறது என்று நம்பினேன். அதே கம்பியில்தான் என் மனைவியின் இஸ்திரிப் பெட்டியும் ஓடியது. அதை மட்டும் ஏன் விட்டுவைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ஈப்போவில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் நான் ஸ்டோர் கிராணி, கணக்கெழுதுகிற குமாஸ்தா. கடைக்குப் புதுக் கணினி வந்ததும் பழையதை என்னை எடுத்துப்போகச் சொல்லிவிட்டார் கடை முதலாளியான தவுக்கே. அதன் வயிற்றில் எதுவும் தங்காது. வேலை செய்யவும் சேமிக்கவும் எல்லாவற்றுக்கும் வளைகிற கறுப்பு டிஸ்கெட்டுகள்தான். அச்சு எந்திரமும் கிடையாது. ஆனாலும் எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்களில் வீட்டில் கணினி வைத்திருந்த ஒரே ஆள் நான். அந்தப் பெருமையில் ஆறு மாதம் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

எங்கள் தோட்டம் ஆயர் தாவார் பக்கம். ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். பிறகு அந்த நிலத்தையும் துண்டு போட்டு விற்கப்போவதாகச் சொன்னார்கள். லயம் என்னும் வரிசை வீடுகளில் இருப்பவர்கள் காலி செய்ய வேண்டும். அவர்களுக்கு மாற்று வீடு உண்டு, ஆனால் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியல் பொங்கல் வாரத்து வெள்ளிக்கிழமைக்குள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாத குடும்பத்துக்கு வீடு இல்லை. மொத்தம் அறுபத்து மூன்று குடும்பங்கள்.

குடியிருப்போர் குழுவின் தலைவர், முப்பது வருடம் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் பால் எடுத்து, ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய்ப் பெயர், அடையாள அட்டை எண், எத்தனை பேர் என்று இரண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். "கம்பியூட்டர்ல அடிச்ச பேப்பர்னா ஆபீசுல ஒரு மதிப்பு இருக்கும் தம்பி" என்றார். மதிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நான் மூன்று நாள் கடைக்கு லீவு போட்டேன்.

தட்டி முடித்தது போகி அன்றைக்கு. பின்சந்தில் பழைய பாயும் கிழிந்த தலையணையும் எரிந்துகொண்டிருந்தன. தலைவரும் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்திருந்தார். எனக்கு அப்போது ஒரு கலை ஆர்வம் பொங்கிவிட்டது. இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு நெருப்பில் போட்டேன்.

தலைவர் ஒரு அடி முன்னால் வந்து நின்றார். "கொளுத்தணுமா தம்பி? ஓரமா வச்சிருந்தா அது சோறா கேக்கப்போகுது?"

"அண்ணே, எல்லாம் உள்ள ஏறியாச்சு. இனிமே தாளெல்லாம் பழசு லா. பழசு போகிக்குத்தான்."

அட்டை சுருண்டு கறுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார் தலைவர். அவர் கையெழுத்து அது. நான் அதைக் கவனிக்காமல், பஞ்சாங்கத்தையும் நவீனத்தையும் ஒரே நெருப்பில் இணைத்துவிட்டதாக எனக்கு நானே மனதுக்குள் மாலை போட்டுக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை ஈப்போ டவுன் கடையில் அச்சடித்து வெள்ளிக்கிழமை கொடுத்துவிடலாம் என்பது திட்டம்.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் என் மனைவியின் தம்பி கரும்போடு வந்தான். நான் அவனை மச்சான் என்பேன், அவனும் என்னை மச்சான் என்பான். தோட்டத்து ஆபீசில்தான் அவனுக்கு வேலை. அவனும் கிராணி, நானும் கிராணி. அவனுக்குக் கம்பெனி சம்பளம், எனக்குத் தவுக்கே சம்பளம். அதைத் தவிர எங்களுக்குள் ஒரு வித்தியாசமும் இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நான் குளித்துவிட்டு வந்தபோது மச்சான் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பட்டியலைக் கீழே நகர்த்திக்கொண்டிருந்தான்.

"மச்சான், கடைசி லயத்து அக்கா பேரு இருக்கா? களையெடுப்பு காண்டிராக்ல போவாங்களே. புருசன் கூட செத்துட்டாரு."

"அறுவத்தி ரெண்டாவது பாரு."

பார்த்தான். தலையாட்டினான். நான் அவனை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, ஒரு அடையாள அட்டை எண்ணைத் திருத்திச் சேமித்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்தரை. அப்போதுதான் அந்தப் புள்ளி வந்தது.

எள்ளுருண்டை அளவுகூட இல்லை. திரையின் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, ஓரத்தில் முட்டித் திரும்பி, முதலாவது லயத்துக் குடும்பங்களுக்கு ஊடாகப் புகுந்து, மேலே முட்டி, மறுபடியும் இறங்கியது. அவசரமே இல்லை. வரிசையாக எல்லார் வீட்டு வாசலிலும் எட்டிப் பார்ப்பதுபோல் போனது.

"என்னா மச்சான் இது, கேமா?" என்றான்.

தோட்டத்தில் வளர்ந்தவனுடைய மூளையைப் பற்றி இங்கே நான் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு லயத்திலும் ஆபீசுக்குச் செய்தி சுமக்கிற ஆள் ஒருவர் இருப்பார். யார் கூட்டத்துக்குப் போனார், யார் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போனார் என்பதெல்லாம் மறுநாளே துரைக்குத் தெரிந்துவிடும். அங்கே வளர்ந்தவன் ஒரு பொருள் தானாகவே கெட்டுப்போகும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டான். குழாயில் தண்ணீர் நின்றால்கூட யார் போய்ச் சொன்னது என்றுதான் கேட்பான். ஈப்போவுக்கு வந்து பதினைந்து வருடம் சட்டைக்கு இஸ்திரி போட்டும் என் மூளை மட்டும் லயத்தை விட்டு வெளியே வரவில்லை.

அதிலும் அந்த மணி. விடியற்காலை ஐந்தரைக்கு வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். இதுவும் ஐந்தரைக்கு வந்து பெயர்களை வரிசையாகப் பார்க்கிறது. கணினியைத் திறக்கும்போதெல்லாம் அது என்னிடம் தேதி கேட்கும், நேரம் கேட்கும். நானும் கிராணி முன்னால் நிற்பவனைப்போல் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் பொருந்திவிட்டது. முட்டாளுக்கு எப்போதும் எல்லாம் பொருந்திவிடும்.

திரும்பி மச்சானைப் பார்த்தேன். "ஒன்னு கேக்குறேன், மறைக்காம சொல்லு. ஆபீசுல ஒன்ன அனுப்புனாங்களா?"

"எதுக்கு?"

"இத வைக்க."

"எத?"

"இந்தப் புள்ளிய."

அவன் புள்ளியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அக்கா, தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டான். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது.

"அடிக்கடி இருக்கு. ஏன், மச்சானுக்கா? நீ மொதல்ல டீ குடி" என்றாள் என் மனைவி, உள்ளேயிருந்தே.

ஊரில் நான்தான் எல்லாரையும் கிண்டல் செய்கிறவன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக்கூட விட்டதில்லை. அன்றைக்கு நான் சிரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் சிரிக்கவில்லை. "கம்பெனிச் சோறு திங்கிறவன் கம்பெனிக்குத்தான் பேசுவான்" என்றேன்.

மச்சான் டீயைக் கீழே வைத்தான். ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கரும்பு கதவோரம் சாய்ந்தபடி இருந்தது.

நான் பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணைந்த பிறகும் நம்பிக்கை வரவில்லை. குளித்துவிட்டு வந்த ஈரத் துண்டை அதன்மேல் போட்டு மூடினேன். டெலிபோன் வயரையும் கழற்றினேன், அதற்கும் கணினிக்கும் நாலு முழம் தூரம் இருந்தும். பட்டியல் டிஸ்கெட்டை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். என் மனைவி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அரிசி களையும்போது ஒங்க ஸ்பையையும் சேத்துக் களையணுமா?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது."

"ஆமா, எனக்குப் புரியாது. என் தம்பி டீ அப்படியே இருக்கு, அது மட்டும் புரியுது."

மறுநாள் புதன்கிழமை காலையில், அரிசி மாவு படிந்த டிஸ்கெட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஈப்போ டவுனில் கணினி விற்கும் கடைக்குப் போனேன். சீனர் ஒருவருடைய கடை. அந்தக் கடைத் தவுக்கே கோப்பையைக் கையில் பிடித்து மீ என்கிற நூடுல்ஸ் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். நான் ஒற்றனைப் பற்றியும் கம்பெனியைப் பற்றியும் மூச்சுவிடாமல் மலாயில் சொல்லி முடித்தேன். அவர் ஒரு வாய் மீயை இழுத்து மென்று விழுங்கிவிட்டு டிஸ்கெட்டைத் தன் எந்திரத்தில் போட்டுப் பார்த்தார்.

"போலா சஜா லா" என்றார். வெறும் பந்துதான் என்று அர்த்தம். எதையும் தின்னாது என்றும் சொன்னார்.

இது வைரஸ், ஒருவன் விளையாட்டுக்காக எழுதிவிட்டது, டிஸ்கெட்டிலிருந்து டிஸ்கெட்டுக்கு ஒட்டிக்கொண்டு போகும், சரியாக அரை மணி அடிக்கும்போது டிஸ்கெட் சுழன்றால் பந்து குதிக்கும், அவ்வளவுதான் என்றார். கம்பி வழியாகவெல்லாம் வராது. வெளியே வாங்கிய விளையாட்டு டிஸ்கெட் ஏதாவது போட்டாயா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன். இது மக்கள் பணிக்காக மட்டும் பயன்படும் கணினி என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மேசையிலிருந்து சுத்தமான டிஸ்கெட் ஒன்றையும் காலி டிஸ்கெட் ஒன்றையும் எடுத்தார். வழிமுறையை விரல் விட்டுச் சொன்னார். எந்திரத்தை முழுவதுமாக அணைக்க வேண்டும். சுத்தமானதைப் போட்டுத் திறக்க வேண்டும். பட்டியலைக் காலி டிஸ்கெட்டுக்கு எழுதிக்கொள்ள வேண்டும். அது ஏறிவிட்டதா என்று திறந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பழையதைத் துடைக்க வேண்டும். "பிறகுதான்" என்பதை இரண்டு தடவை சொன்னார். என் முகத்தில் எதையோ கண்டிருக்கிறார். பட்டியல் டிஸ்கெட்டின் ஓரத்தில் இருந்த சின்ன வெட்டை ஒரு வெள்ளி நிறத் துண்டு ஸ்டிக்கரால் ஒட்டி மூடினார். இது இருக்கும்வரை யாராலும் இதில் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்றார்.

அதோடு நிற்கவில்லை அந்த நல்ல மனிதர். "இங்கேயே விட்டுவிட்டுப் போ, பத்து நிமிடத்தில் நானே செய்து, தாளிலும் அடித்துத் தருகிறேன்" என்றார்.

நான் சரி சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர் தலைக்கு மேலே சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். செம்பனைத் தோட்டம், நீல வானம், கீழே எங்கள் தோட்டக் கம்பெனியின் பெயர். இவரும் அவர்கள் ஆள். வாயை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் டிஸ்கெட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மீ குடித்துக்கொண்டிருந்த அப்பாவி மனிதரிடமிருந்து பின்பக்கமாகவே நடந்து வெளியேறினேன். கோவிலில் சாமிக்கு முதுகு காட்டாமல் வெளியே வருவோமே, அப்படி.

வீட்டுக்கு வந்து காலண்டர் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி என் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே எங்கள் சுவரில் அதே காலண்டர் தொங்கியது. போன மாதம் மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. வருடா வருடம் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கம்பெனி கொடுப்பதுதான். "அப்ப நானும் ஸ்பைதானே" என்றாள்.

கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். அணைத்தேன், சுத்தமான டிஸ்கெட்டைப் போட்டுத் திறந்தேன். அதுவரைக்கும் சரி. அடுத்தது பட்டியலைப் பிரதி எடுப்பது. ஆனால் பிரதி எடுத்தால் அந்தப் பந்தும் பட்டியலோடு சேர்ந்து புது டிஸ்கெட்டுக்கு ஏறிவிடாதா? கடைக்காரர் ஏன் இந்த வரிசையில் செய்யச் சொன்னார்? முதலில் அவனை ஒழித்துவிட்டு, பிறகு சாவகாசமாகப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. துடைத்தால் டிஸ்கெட்டில் இருக்கிற எல்லாமே போய்விடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கடையில் நானே இருபது டிஸ்கெட்டுகளையாவது துடைத்திருப்பேன். அன்றைக்கு அது நினைவுக்கு வரவில்லை. அந்த ஒரு நாளில் என் தலைக்குள் இருந்தது அந்தப் புள்ளி மட்டும்தான். டிஸ்கெட் முழுவதும் அவன் ஒருவன்தான் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

துடைக்கும் கட்டளையைத் தட்டினேன்.

எந்திரம் மறுத்தது. இதில் எழுதத் தடை இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. மறுபடியும் தட்டினேன். மறுபடியும் அதே வரி.

"பாத்தியா, எதிர்த்து நிக்கிறான்" என்றேன்.

"யாரு?" என்றாள்.

டிஸ்கெட்டை வெளியே எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். கடைக்காரர் ஒட்டிய வெள்ளித் துண்டு கண்ணில் பட்டது. கம்பெனி காலண்டர் தொங்குகிற கடையில், என் டிஸ்கெட்டில், எனக்குப் புரியாத ஒரு துண்டை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அறுபத்து மூன்று குடும்பங்களையும் அந்த நேரத்தில் காப்பாற்றிக்கொண்டிருந்தது கட்டைவிரல் நகத்தளவு இருந்த அந்த ஸ்டிக்கர் மட்டும்தான். நகத்தால் நெம்பி, மெதுவாக உரித்து, விரலில் சுருட்டி, ஜன்னல் வழியாகச் சுண்டி எறிந்தேன்.

இந்தத் தடவை எந்திரம் மறுக்கவில்லை. கரகரவென்று சுழன்றது. முடிந்தது என்று சொன்னது. நான் நாற்காலியில் சாய்ந்து கையை விரித்துச் சோம்பல் முறித்தேன். ஜெயித்தவன் முறிக்கிற சோம்பல்.

பிறகு பட்டியலை எடுக்கப் போனேன். அங்கே ஒன்றுமில்லை.

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "என்னாச்சு?"

"ஸ்பை போயிட்டான்."

"பட்டியலு?"

"அவனோடயே போயிருச்சு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது நகைச்சுவை சொல்லித் தப்பித்திருப்பேன். பின்சந்தைப் பார்த்தாள். போகிச் சாம்பல் இன்னும் அங்கேதான் கிடந்தது. நான் தலைவரிடம் சொல்ல ஒரு பொய்யைத் தயாரிக்க ஆரம்பித்தேன். கம்பெனிக்காரன் கம்பி வழியாக வந்து அழித்துவிட்டான் என்று சொல்லலாம், தோட்டத்தில் எல்லாரும் நம்புவார்கள் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன்.

"நம்புவாங்க" என்றாள். "நம்பிட்டு என் தம்பி வீட்டுக் கதவத்தான் ஒடைப்பாங்க."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் ஆயர் தாவார் போய் இறங்கி, அங்கிருந்து தோட்டத்துக்குப் போனோம். தலைவரிடம் முதலில் சொன்னேன், உள்ளதை உள்ளபடி. "நாளைக்குத்தானே தம்பி கடைசி நாளு" என்றார். பிறகு, "செக்ரோல்ல பேரெல்லாம் இருக்கும். அது ஆபீசுல இருக்கு. அங்க நமக்கு யாரு இருக்கா" என்று சொல்லி நிறுத்தினார். மூன்று பேரும் ஒரே ஆளைத்தான் நினைத்தோம். செக்ரோல் என்பது வேலையாட்களின் பேர்ப்பதிவு. அதை வெளியாளுக்குக் காட்டினது தெரிந்தால் கிராணிக்கு வேலை போய்விடும்.

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே போய் நின்று, "மச்சான்" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கம்பெனி ஆபீஸ் இது. இங்க என்னா வேல?"

"பட்டியலு அழிஞ்சிருச்சு."

"புள்ளி தின்னுருச்சா?"

"நான்தான் துடைச்சேன்."

அப்போதுதான் நிமிர்ந்தான். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தான். பென்சிலை மேசையில் தட்டினான். "பன்னெண்டு மணிக்குப் பெரிய கிராணி சாப்பிடப் போவாரு. அது வரைக்கும் இங்க நிக்காதீங்க. நீங்க நிக்கிறதப் பாத்தாலே ஏதோ தப்பு பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கு."

சாப்பாட்டு நேரத்தில், சாப்பிடாமல், பென்சிலில், நாற்பத்தெட்டு குடும்பங்களை எழுதிக் கொண்டுவந்தான். மீதிப் பேர் காண்டிராக்ட் ஆட்களும் ஓய்வு பெற்றவர்களும். அவர்கள் செக்ரோலில் இல்லை. அவர்களுக்காகத் தலைவரும் என் மனைவியும் வேலை முடிந்து வந்த மச்சானும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எனக்குக் கொடுத்த வேலை கார்பன் தாளைச் சுமப்பது. பெயர் எழுதிய தாள் எதையும் என் கையில் கொடுக்க அவர்கள் தயங்கியதில் நியாயம் இருந்தது.

கடைசி லயத்தில் அந்த அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். அடையாள அட்டையைக் கேட்டதும் கோடரியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அன்னைக்கே எழுதிட்டுப் போனீங்களே. அது என்னாச்சு?"

மற்ற மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள். "போகியில கொளுத்திட்டேன் அக்கா" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்லவேள, பேர மட்டும் கொளுத்துனீங்க" என்று சொல்லிவிட்டு அட்டையை எடுக்க உள்ளே போனார்.

மாலையில் மச்சான் கார்பன் பிரதியை மடித்து என் சட்டைப் பையில் செருகினான். "இந்தா மச்சான் காப்பி. அடுத்த போகி வரைக்குமாவது வச்சிரு."

வீட்டுக்குத் திரும்பியதும் ஈப்போ டவுன் கடைக்காரரிடம் மறுபடியும் போனேன், இந்தத் தடவை எல்லா டிஸ்கெட்டுகளையும் எடுத்துக்கொண்டு. காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அந்தப் புள்ளி இருந்தது நான் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒரு பையனிடம் ஓசியில் நகல் எடுத்துவந்த கார்ப் பந்தய விளையாட்டில். மச்சான் என் கணினியைத் தொடுவதற்கு இரண்டு மாதம் முன்பே அதை நான்தான் உள்ளே போட்டு, தினமும் ஓட்டிக்கொண்டிருந்தேன். புள்ளி பட்டியலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை மாவட்ட அலுவலகத்தில் தலைவர் கொடுத்தது மச்சான் பென்சிலில் எழுதிய பட்டியலை. அதில் அறுபத்து மூன்று குடும்பங்களும் இருந்தன, கடைசி லயத்து அக்கா அறுபத்து இரண்டாவது.